வழிநடைக்கேற்ற அடுப்பு

அடுதல் என்பது சமைத்தல். அடுதற்கு இடமாவது அடுப்பு. அடும் மனை அட்டில். சொல்லின் பிறப்பை நோக்குமிடத்து, அடுப்பு என்பது இரும்பாலோ மண்ணாலோ ஆக்கிய ஒரு பண்டத்தின் பெயரன்று, ஒரு தொழில் நிகழும் இடத்தின் பெயர் என்பது புலனாகும். மூன்று கற்களை வைத்து, நெருப்பிட்டு, உலையை ஏற்றினால் அங்கே அடுப்பு உண்டு. உலை இறங்கி, நெருப்பு அவிந்து, கற்கள் சிதறினால் அங்கே அடுப்பு இல்லை, கற்களே உண்டு.

இதனை முதலிற் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மாணாக்கரைப் பாசறைக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்கள் இடையிடையே என்னிடம் வந்து, "பண்டிதர், வெளியிலே சமைக்கப் போகிறோம். எந்த அடுப்பு நல்லது?" என்று கேட்பதுண்டு. நன்னூல் படிப்பிக்கும் ஒருவனிடம் இந்தக் கேள்வி ஏன் வருகின்றது என்று நான் வியப்பதில்லை. வன்னியிலே பிறந்து, வன்னியிலே நடந்து, வன்னிக்குள்ளேயே பலமுறை இடம்பெயர்ந்தவனுக்கு அடுப்பைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் தவறன்று.

"எந்தச் சொல் நல்லது?" என்று கேட்டால் இலக்கண ஆசிரியன் என்ன சொல்லுவான்? "எந்த இடத்திற்கு?" என்று திருப்பிக் கேட்பான். இடமறிந்து நின்ற சொல்லே நல்ல சொல். அடுப்பும் அத்தகையதே. போகும் இடத்தில் எரிப்பதற்கு என்ன கிடைக்கும்? அங்கே காற்றும் நிலமும் எப்படி? சமைத்து முடிந்தபின் நெருப்பை எப்படி அவிப்பது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டவனுக்கு அடுப்புத் தானே தெரியவரும். அவற்றுள்ளும் முதல் வினாவே தலையாயது. அடுப்பைத் தெரிதல் என்பது உண்மையில் எரிபொருளைத் தெரிதலேயாம்.

சுமவாத அடுப்பு

நம் முன்னோருள் ஓயாது வழிநடந்தவர் உப்பு வணிகராகிய உமணர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டியில் ஏற்றிக் காடும் மலையும் கடந்து சென்று விற்றவர் அவர். அகநானூற்றுப் பாடல் ஒன்று, அவர்கள் இளைப்பாறிச் சமைத்து உண்டுவிட்டுப் போன இடத்திலே எஞ்சிக் கிடக்கும் கல்லடுப்பைக் காட்டுகின்றது. அவர்கள் போனபின், ஆநிரை கவரும் ஆடவர் அதே கற்களிலே தம் ஊனைச் சமைக்கின்றனர். சமைப்பவர் மாறுகின்றனர், கல் மாறுவதில்லை. எத்தனையோ மூட்டைகளைச் சுமந்த உமணர் அடுப்பை மாத்திரம் சுமக்கவில்லை என்பது கருதத்தக்கது. காட்டிலே கல்லும் விறகும் உள்ளவரை அவர்க்கு அடுப்புச் சுமை ஏன்?

வன்னியிலே இம்மரபு இன்றும் அழிந்திலது. முல்லைத்தீவுக் கடலிலே எடுத்த உப்புநீரால் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பின்னர் வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நிகழும். நந்திக்கடலோரத்து வெளியிலே அன்று மூட்டப்படும் அடுப்புகளை எண்ணி முடியாது. பங்குனி உத்தரத்தில் கிளிநொச்சிப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிலும் அவ்வாறே. முன்னாளில் மாட்டுவண்டியிலும் இந்நாளில் உழவு இயந்திரத்திலும் வரும் அடியார்கள் பானை, அரிசி, விறகு என்பவற்றைக் கொண்டுவருவர். அடுப்பைக் கொண்டுவருவாரைக் காண்டல் அரிது.

அத்தகைய ஒரு பொங்கலிலே, ஒட்டுசுட்டான் பக்கத்து முதியவர் ஒருவரிடம், கல்லடுப்பு நன்றாக எரிவதற்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வாத்தியார், அடுப்பைக் கேளாதேயுங்கோ, விறகைக் கேளுங்கோ. விறகு சரியெண்டால் கல்லுத் தானாய்ச் சரிவரும்." நான் மேலே ஒரு பந்தியிற் சொன்னதை அவர் ஒரு வரியிற் சொல்லிவிட்டார்.

விறகைக் கேட்போம். பாலையும் வீரையும் வைரம் பாய்ந்த மரங்கள். மெல்லப் பற்றி நெடுநேரம் தணலாய் நிற்பன. சோறு பொங்குவதற்கும் கறி அடங்குவதற்கும் ஏற்றவை. தென்னோலை, பனையோலை, காய்ந்த சுள்ளி ஆகியன உடனே பற்றி உடனே அவிவன. அவை நெருப்பைத் தொடங்குவதற்கு உரியன, சமைத்து முடிப்பதற்கு உரியன அல்ல. மழைக்காலத்தில் வெளியே போகிறவர்கள் காட்டு விறகை நம்புதல் ஆகாது. சிரட்டையும் பொச்சும் பனையின் ஊமலும் ஒரு சிறு சாக்கிலே கட்டிக்கொண்டு போனால் ஐப்பசி மழையிலும் தேநீர் கொதிக்கும். முல்லைத்தீவுக் களப்போரங்களிலே நிற்கும் தில்லை மரத்தை விறகாகக் கொள்ளலாகாது. அதன் பால் கண்ணிற் பட்டாற் பெருங்கேடு. புகையும் கண்ணுக்கு ஆகாது. அலரியும் அப்படியே நஞ்சு. அதன் குச்சியால் உலையைக் கிண்டுதலும் கூடாது. இவற்றை அறியாத நகரத்துப் பிள்ளை 'விறகெல்லாம் விறகே' என்று எண்ணும். அறிவிப்பது நம் கடன்.

நிலமும் காற்றும்

கல்லடுப்புக்குக் குறைகளும் உண்டு. திறந்த நெருப்பின் வெப்பத்திலே பெரும்பகுதி வெளியிற் போய்விடும். பானைக்குச் சேர்வது பத்திலொரு பங்கிற்குச் சற்று மேல் எனலாம். காற்றடித்தால் அதுவும் குறையும். வன்னியிலே வைகாசி தொடக்கம் சோளகமும் கச்சானும் வீசும் மாதங்கள் வறண்ட மாதங்களுமாம். சருகு காய்ந்து கிடக்கும் காட்டிலே ஒரு பொறி பறந்தால் வருவது சமையல் அன்று, காட்டுத்தீ.

அதற்கு நம்மவர் கண்ட வழி கிடங்கு அடுப்பு. காற்று வரும் திசைக்கு நேராக ஒரு சாண் ஆழத்தில் நீளக் கிடங்கு வெட்டி, அதன்மேல் பானைகளை வரிசையாக ஏற்றுதல். காற்று ஒரு முனையால் நுழைந்து மறுமுனையாற் புகையாய் வெளியேறும். நெருப்பு நிலமட்டத்திற்குக் கீழே அடங்கிக் கிடக்கும். அன்னதான மடங்களிலே நூற்றுவருக்குச் சமைப்பதற்கு இதனிலும் சிறந்ததொன்றில்லை.

ஆனால் வன்னியிலே நிலத்தை வெட்டுமுன் ஒருகணம் நிற்க வேண்டும். மிதிவெடியும் வெடிக்காத குண்டும் முற்றாக அகற்றப்பெறாத இடங்கள் இங்கே இன்றும் உள. மண்ணுக்கடியிற் கிடக்கும் வெடிபொருளுக்கு மண்வெட்டியும் பகை, மேலே மூட்டும் நெருப்பின் சூடும் பகை. ஆகையால் முன்னர்ப் பலகாலும் நெருப்பெரித்த இடம், கோயில் வீதி, பாடசாலை வளவு, துப்புரவு செய்யப்பெற்றது என்று உறுதியாக அறிந்த நிலம் ஆகியவற்றிலன்றி மாணாக்கரைக் கொண்டு அடுப்பு மூட்டுதல் கூடாது. விறகு பொறுக்குவதற்காக அறியாத பற்றைக்குள் ஒரு பிள்ளையையேனும் அனுப்புதலும் கூடாது. விறகை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒதுக்குக் காடுகளிலே மரந்தறித்தல் சட்டப்படி குற்றமும் ஆம்.

கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர்க்கும் இது பொருந்தும். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக நடக்கும் நாள்களிலே ஊரவரே அன்னமிடுவர். உகந்தை முருகனை வணங்கிக் குமணைக் காட்டுக்குள்ளும் யால காட்டுக்குள்ளும் புகுந்த பின்னரே சமையல் அவரவர் பொறுப்பாகின்றது. அங்கே குறித்த தங்குமிடங்களிலே, பலர் கூடி ஓர் அடுப்பு மூட்டுவதே முறை. ஆளுக்கோர் அடுப்பு, காட்டுக்குக் கேடு.

சுமக்கும் அடுப்பு

விறகில்லாத இடத்திற்குப் போகிறவன் எரிபொருளைச் சுமந்தே ஆகவேண்டும். அதற்கு வழிகாட்டியது சுவீடன் நாடு. 1892 இல் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ற் என்பவர் மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தாலே மேலேற்றி, சூட்டினால் ஆவியாக்கி, புகையின்றி நீல நிறத்தில் எரியச்செய்யும் அடுப்பை ஆக்கினார். அதுவே 'பிறைமஸ்'. 1911 இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன் குழுவினருக்கு அது உறைபனியை உருக்கி நீராக்கிக் கொடுத்தது. 1953 மே 29 ஆந் தேதி அதிகாலை, எவரெஸ்ற் உச்சிக்குக் கீழே இறுதிக் கூடாரத்தில், கல்லாய் உறைந்துபோன தம் சப்பாத்துகளை ஹிலாரி அடுப்பின்மேற் பிடித்து இளக்கிய பின்னரே ரென்சிங்கோடு உச்சிக்கு ஏறினார். உலையேற்றுதற்கு மட்டுமன்றி உயிர் தாங்குதற்கும் அடுப்பு உதவியது.

மண்ணெண்ணெய் அடுப்பு இருவகை. திரி அடுப்பு எளியது, கரி பிடிக்கும், மெல்லச் சமைக்கும், காற்றுக்கு அஞ்சும். அழுத்த அடுப்பு விரைந்தது; காற்றை ஓரளவு தாங்கும்; ஆனால் முதலிற் சிறிது ஸ்பிரிற் விட்டுச் சூடாக்க வேண்டும்; நுனித்துளை அடைத்தால் ஊசியாற் குத்த வேண்டும்; பழகிய கை வேண்டும். எரியும் அடுப்புக்கு எண்ணெய் வார்த்தலும், மண்ணெண்ணெயோடு பெற்றோலைக் கலத்தலும் சாவை அழைத்தலாகும்.

இத்தனை நல்ல அடுப்பு வடபகுதியிலே என்ன ஆயிற்று? 1990 இன் பின்னர் விதிக்கப்பட்ட பொருட்தடைகளால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு, அந்த வெளிச்சத்திலே தொல்காப்பியம் படித்தவர் நாம். விளக்குக்கே எண்ணெய் இல்லாதபோது அடுப்புக்கு எங்கே போவது? அழுத்த அடுப்புகள் பரணிலே துருப்பிடித்தன. குற்றம் அடுப்பினது அன்று. எரிபொருள் நம் கையில் இல்லை. அவ்வளவே.

அக்கதை பின்னரும் வந்தது. 2022 இலே நாடு முழுவதும் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கொழும்பிலே மாடிவீட்டில் இருந்தவர் விறகைத் தேடியபோது, வன்னிக் குடியானவன் அதிகம் கலங்கவில்லை.

காஸ் அடுப்பு கைக்கு மிக எளியது. 12.5 கிலோ சிலிண்டர் வீட்டுக்குரியது, 2.3 கிலோ சிலிண்டர் வாகனத்திற் போகும் சிறு குழுவுக்குப் போதும். கைக்கடக்கமான காஸ் ரின் ஓரிருவர்க்குப் போதும். புகையில்லை, உடனே பற்றும், உடனே அவியும். வறண்ட ஆனி, ஆடி மாதங்களிலே, விறகு நெருப்பு ஆகாத இடத்தில், இதுவே தக்கது. எனினும் மூன்றை மறத்தல் ஆகாது. இவ்வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தாற் பள்ளத்திலே தேங்கும். ஆதலாற் கிடங்கிலோ தாழ்ந்த இடத்திலோ வைத்தல் கூடாது. கூடாரத்துக்குள்ளே எரித்தால், கண்ணுக்குத் தெரியாமலும் மணமின்றியும் காபனோரொட்சைட்டு உயிரைக் கொள்ளும். விறகுத் தணலும் மண்ணெண்ணெயும் அவ்வாறே. 2021 இன் இறுதி மாதங்களிலே நாட்டின் பல பாகங்களிலும் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையையும் நினைவிற் கொண்டு, குழாயையும் இணைப்பையும் சவர்க்கார நுரையிட்டுச் சோதித்த பின்னரே நெருப்பிடுதல் வேண்டும்.

வன்னிப் பாடசாலைகள் பல நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போகின்றன. அங்கே வேறொரு பாடம் காத்திருக்கின்றது. கடல்மட்டத்திலே 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலே 94 பாகையளவிற் கொதித்துவிடும். கொதிப்பது விரைவு, வேவதோ தாமதம். வற்றாப்பளையில் வேகும் நேரத்திலே அங்கே அரிசி வேகாது. காஸ் ரின்னிலுள்ள பியூற்றேன் குளிரில் ஆவியாக மறுக்கும் இயல்பினது. புரோப்பேன் கடுங்குளிரிலும் ஆவியாகும். மலைநாட்டு விடியற்குளிரிலே சுடர் சோர்ந்தால் அடுப்பைக் குறை கூறுதல் நியாயமன்று. எரிபொருளைக் கூடுதலாகக் கொண்டு போங்கள். பருப்பையும் பயற்றையும் முன்னிரவே ஊறவையுங்கள்.

ஸ்பிரிற் அடுப்பு ஒன்று எஞ்சியது. ஒலியில்லை, உறுப்பில்லை, பழுதில்லை. ஒரு சிறு கிண்ணமே அது. ஆனால் மண்ணெண்ணெய் தரும் வெப்பத்திலே ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கையே அது தரும். பகல் வெளிச்சத்தில் சுடரும் கண்ணுக்குத் தெரியாது. தனியே நடப்பவனின் ஒரு கோப்பைத் தேநீருக்கு அது போதும். இருபது பிள்ளைகளுக்குச் சோறாக்க அது உதவாது.

ஓரிடத்திலே பலநாள் தங்குவோர்க்கு மண்ணடுப்பு நன்று. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பெற்ற 'அனகி' என்னும் இருகலன் மண்ணடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பானைகளை வேகவைத்து விறகைச் சிக்கனப்படுத்தும். உடையும் இயல்பினதாகையால் அது நடப்போர்க்கு ஆகாது.

விரும்பாத வழிநடை

இதுகாறும் சொல்லியவை விரும்பிப் போகும் பயணங்கள். வன்னி மக்கள் விரும்பாமற் போன பயணங்களும் உண்டு. 1996 இலே கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நடந்தோம். 2008 இலும் 2009 இலும் மேற்கிலிருந்து கிழக்கே, ஊர் ஊராக, இறுதியிற் கடலோரம் வரை நடந்தோம். அப்பயணத்துக்கு எந்த அடுப்பைத் தெரிவது என்று எவரும் எம்மைக் கேட்கவில்லை. ஒரு கையிலே பிள்ளை, ஒரு கையிலே பானை. அடுப்பைச் சுமந்தவரை நான் கண்டிலேன். பானையைக் கைவிட்டவரையும் கண்டிலேன்.

முள்ளிவாய்க்கால் மணலிலே கல்லும் அரிது. உடைந்த சுவரின் செங்கல்லே கல்லாயிற்று. தென்னை மட்டையே விறகாயிற்று. அரிசி சிறிது, நீர் பெரிது, உப்பு இருந்தால் உண்டு. கஞ்சி என்பது அரிசியை மாத்திரம் அன்று, விறகையும் சிக்கனப்படுத்தும் உணவு. ஒரு பெரிய கிடாரத்தில் பலருக்குக் காய்ச்சலாம். இன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலே அக்கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூரும்போது, ஓர் உணவை மாத்திரமன்றி ஓர் அடுப்பையும் நாம் நினைவுகூருகின்றோம். பின்னர்ச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, 2012 இல் அது மூடப்படும் வரை, கூடாரங்களின் புறத்தே எரிந்தவையும் அத்தகைய அடுப்புகளே.

பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லுமிடத்து, சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்ததைச் சொல்லுவார். ஊருக்கு மீண்டு வந்தபோது நம்மவர் பலர் தம் அடுப்படியிலே புல் முளைத்திருக்கக் கண்டனர். முற்றத்திலே மூன்று கல்லை வைத்தே வாழ்வை மறுபடியும் தொடங்கினர்.

தெரிவு

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு என் விடையைத் தொகுத்துச் சொல்லுகின்றேன். கோயிற் பொங்கலுக்கும் அறிந்த வளவிலே நிகழும் பாசறைக்கும் கல்லடுப்பு அல்லது கிடங்கு அடுப்பு, விறகு வீட்டிலிருந்து. வறண்ட மாதங்களில் வாகனத்திற் போகும் சிறு குழுவுக்குச் சிறிய காஸ் அடுப்பு. மலைநாட்டுக் குளிருக்குப் பழகிய கையில் அழுத்த மண்ணெண்ணெய் அடுப்பு. காஸ் ஆயின் இருமடங்கு எரிபொருள். தனிவழிக்கு ஸ்பிரிற். எவ்வழிக்கும் ஒருநேர உணவு அடுப்பே வேண்டாததாய் இருத்தல் நன்று: அவல், புழுக்கொடியல், பனாட்டு, எள்ளுப்பாகு. மழையும் காற்றும் சேர்ந்து வந்த இரவிலே இவை தாயைப்போற் காக்கும்.

அவித்தலை இறுதியில் வைத்தேன். இறுதியில் நிகழ்வது அதுவாதலின். நெருப்பின்மேல் நீரை ஊற்றுக, தணலைக் கிளறுக, மறுபடியும் ஊற்றுக, புறங்கையை அண்மையிற் பிடித்து, சூடு இல்லை என்று கண்டபின்னரே புறப்படுக. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போதல் போதாது. வேரின் வழியே கனன்று சென்று மறுநாள் வேறோரிடத்திலே நெருப்பு எழுவதுண்டு.

காஸ் அடுப்பை வாங்கப் பணம் போதும். கல்லடுப்பை மூட்டப் பயிற்சி வேண்டும். ஒரு சுள்ளியையும் பற்றவைக்கத் தெரியாத தலைமுறை நம் வகுப்பறைகளிலே வளர்கின்றது. ஆண்டுக்கொருமுறையேனும் பாடசாலை வளவிலே, ஆசிரியர் அருகில் நிற்க, ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் மூன்று கல் வைத்து, ஒரு பானை கஞ்சி காய்ச்சி, பகிர்ந்து குடித்து, நெருப்பை முறையாக அவித்து வரட்டும். தடையும் வரிசையும் வந்த காலத்திலே நமக்குச் சோறிட்டது அந்த அறிவே. அதனைக் கைமாற்றிக் கொடுக்காமல் நாம் ஓய்வுபெறுதல் தகாது.